கணக்கில் ஏறாத கோல்கள்: டெனிஸ் லாவின் ஆட்ட வாழ்வைக் குறித்து ஓர் ஆய்வு

கால்பந்தாட்டத்தில் முன்களத்தில் நின்று கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருடைய பெருமையை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினா பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றும். அவர் போட்ட கோல்களை எண்ணிவிட்டால் விடை கிடைத்துவிடாதா என்று கேட்பாரும் உண்டு. ஆயினும் ஸ்காட்லாந்து தேசத்து முன்கள வீரர்களை வரிசையாக நிறுத்தி, இவருள் முதல்வர் யார் என்று ஆராயப் புகுவோமானால், எண்ணிக்கை ஒருவரையும், விகிதம் மற்றொருவரையும், வென்ற கோப்பைகள் வேறொருவரையும் சுட்டிக் காட்டக் காண்போம். ஐம்பது லட்சத்தைச் சற்றே கடந்த ஜனத்தொகையுள்ள ஒரு சிறு நாடு இத்தனை பேரை ஈன்றது வியப்புக்குரியது. அவர்களுள் டெனிஸ் லா என்பவருடைய ஆட்ட வாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவருடைய வாழ்வில்தான் ஒவ்வோர் அளவுகோலும் தன் போதாமையைத் தானே வெளிப்படுத்துகிறது.

எண்ணிக்கையே பிரமாணம் என்போமாயின், கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் சங்கத்தின் ஜிம்மி மக்ரோரியை யாரும் அசைக்க முடியாது. 1920களிலும் 1930களிலும் ஆடிய அவர் லீக் ஆட்டங்களில் மட்டுமே நானூறுக்கு மேற்பட்ட கோல்களைக் குவித்தார். ஆயினும் ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவில் அவர் ஏழே முறைதான் இடம்பெற்றார். அவ்விடத்தை அக்காலத்தில் தமதாக்கிக் கொண்டிருந்தவர் பெல்ஸ்ஹில் ஊரினரான ஹியூயி காலகர். குள்ள உருவமும் கூர்த்த சினமும் வாய்ந்த அவ்வீரர் நாட்டுக்காக ஆடிய இருபது ஆட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட கோல்களைப் போட்டார். விகிதம் என்னும் தராசில் அவருக்கு இணையாவோர் அரியர். கோப்பைகளைக் கொண்டு அளப்போமாயின் கெனி டால்கிலிஷ் முன்னிற்பார். அவர் லிவர்பூல் சங்கத்தோடு ஐரோப்பியக் கோப்பையை மும்முறை வென்றவர்; நாட்டுக்காக 102 ஆட்டங்கள் ஆடியவர்; அவற்றில் 30 கோல்கள் போட்டவர். அதே முப்பது கோல்களை டெனிஸ் லா 55 ஆட்டங்களில் போட்டார் என்பதும், ஸ்காட்லாந்தின் உச்ச எண்ணிக்கையை இவ்விருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதும் இங்கே கருதத்தக்கவை.

லா 1940ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள அபர்தீன் நகரில் பிறந்தார். தந்தையார் மீன்பிடி கப்பலில் வேலை செய்தவர். வாரத்தின் பெரும்பகுதியை வடகடலின் குளிரிலே கழித்து, வாரக் கடைசியில்தான் வீடு திரும்புவார். பிள்ளைகள் எழுவர்; டெனிஸ் கடைக்குட்டி. பன்னிரண்டு வயது வரை அச்சிறுவன் செருப்பின்றியே நடந்தான் என்பதும், அதன் பின்னரும் பிறர் போட்டுக் கழித்த காலணிகளையே அணிந்தான் என்பதும் அந்த வீட்டின் தாரித்திரியத்தைச் சொல்லப் போதுமானவை. நகரத்தின் உயர்தரப் பள்ளியான கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தும், அங்கே சேர்ந்தால் ரக்பி ஆட நேரும், கால்பந்து ஆட இயலாது என்ற ஒரே காரணத்தால் அவன் அதை மறுத்துவிட்டான். வறிய வீட்டுப் பிள்ளை ஒருவன் கல்வியின் வாயிலையே பந்துக்காகத் துறந்ததை இன்று நாம் பாராட்டுவதா, இரங்குவதா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய காரியமன்று. பின்னர் நடந்ததை அறிந்த நமக்கு அது துணிவாகப் படுகிறது. அன்று அந்தத் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மற்றொரு குறையும் இருந்தது. சிறு வயதிலேயே அவனுக்கு மாறுகண். தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தான். ஆடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழுதான கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணாலேயே பந்தைப் பார்த்து ஆடினான். ஒற்றைக் கண்ணால் தொலைவைக் கணிப்பது கடினம். இரு கண்களும் சேர்ந்தே பொருளின் ஆழத்தை அறிகின்றன. ஆதலின் பந்து எவ்விடத்தில் விழும் என்பதைக் காண்பதற்கு முன்பே ஊகித்துக்கொள்ளும் பழக்கம் அச்சிறுவனுக்கு நிர்ப்பந்தமாகவே ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் காட்ட இயலாது. எனினும் பிற்காலத்தில் கோல்முகத்தில் அவர் காட்டிய அந்த முன்னறிவுக்கு வேறு மூலம் தேடியும் எனக்குக் கிட்டவில்லை.

1955இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் சங்கத்தார் அவனைப் பரீட்சைக்கு அழைத்தபோது, ரயிலிலிருந்து இறங்கிய மெலிந்த, மாறுகண் சிறுவனைக் கண்டவர்கள் இவனா ஆட்டக்காரன் என்று ஐயுற்றனர். எனினும் அவனைச் சேர்த்துக்கொண்டனர். கண்ணுக்குச் சிகிச்சை செய்வித்தனர். அச்சங்கத்தில் பணியாற்றி விரைவிலேயே அதன் மேலாளரும் ஆன பில் ஷாங்க்லி, தாமும் ஒரு ஸ்காட்லாந்துச் சுரங்கக் கிராமத்தின் வறுமையில் வளர்ந்தவராதலின், அச்சிறுவனை ஊட்டி வளர்த்துத் தேற்றினார். 1956 டிசம்பரில், பதினாறாம் வயதிலேயே, லா முதற்குழுவில் ஆடினார். 1958 அக்டோபரில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவில் இடம்பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டு. அன்றே ஒரு கோலும் போட்டார். அக்குழுவுக்கு அப்போது பொறுப்பாயிருந்தவர் மாட் பஸ்பி. அவ்வாண்டு பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் தம் மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் எட்டு வீரர்களைப் பறிகொடுத்து, தாமும் மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டு வந்தவர். அழிந்த குழுவை மீண்டும் எழுப்பும் எண்ணத்தோடு இருந்த அவருடைய கண்கள் அன்றே இந்த இளைஞர்மேல் பதிந்துவிட்டன.

இனி, விலை என்னும் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 1960 மார்ச்சில் மான்செஸ்டர் சிட்டி சங்கம் லாவை 55,000 பவுன் கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்த வீரருக்கும் அத்தொகை கொடுக்கப்பட்டதில்லை. 1961இல் இத்தாலியின் டொரினோ சங்கம் 110,000 பவுன் கொடுத்தது. 1962இல் மான்செஸ்டர் யுனைடெட் 115,000 பவுன் கொடுத்து மீட்டது. மும்முறை சரித்திரம் படைத்த இவ்விலைகளைக் காண்போர் அந்த வீரர் செல்வத்தில் புரண்டிருப்பார் என்று எண்ணக்கூடும். ஆயினும் 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரர் பெறக்கூடிய உச்ச சம்பளம் வாரத்துக்கு இருபது பவுன் என்று விதியே இருந்தது. ஐம்பத்தையாயிரத்துக்கு விலை போனவரும் அந்த இருபதுக்குள்தான் அடங்க வேண்டும். விலையெல்லாம் சங்கத்திலிருந்து சங்கத்துக்குப் போன பணம். அது வாங்கியவரின் ஆசையை அளந்ததேயன்றி, விற்கப்பட்டவரின் தகுதியையோ வாழ்வையோ அளக்கவில்லை.

டொரினோவுக்காக டூரின் நகரத்தில் அவர் கழித்த ஓராண்டு துன்பமே மிகுந்தது. தற்காப்பையே தர்மமாகக் கொண்டிருந்த இத்தாலிய ஆட்ட முறையில், முன்கள வீரரை நிழல்போல் ஒட்டிக்கொள்ளவே ஒருவர் நியமிக்கப்படுவார். உடம்பில் உதையும் இடியும் தாராளமாக விழும். இருபத்தேழு லீக் ஆட்டங்களில் பத்துக் கோல்கள் என்பது அச்சூழலில் இழிவான கணக்கன்று. அவரோடு சேர்ந்து அச்சங்கத்துக்குச் சென்ற ஆட்டக்காரர் ஜோ பேக்கர் ஓட்டிய கார் 1962 பிப்ரவரியில் கவிழ்ந்தது. பேக்கர் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். லா சிறு காயங்களோடு தப்பினார். எனினும் குறுகிய இடத்தில், முதுகில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தை ஆளும் வித்தையை அவர் அங்கேதான் கற்றுத் தேர்ந்தார் எனலாம்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் ஆடிய பதினோரு பருவங்களே அவர் கீர்த்திக்கு நிலைக்களன். 404 ஆட்டங்களில் 237 கோல்கள். அச்சங்கத்தின் வரலாற்றில் இவரினும் மிகுதியாகப் போட்டவர் இருவரே: வெய்ன் ரூனி 253, பாபி சார்ல்டன் 249. ரூனிக்கு அதற்கு 559 ஆட்டங்களும் சார்ல்டனுக்கு 758 ஆட்டங்களும் வேண்டியிருந்தன. 1963–64 பருவத்தில் எல்லாப் போட்டிகளிலுமாக லா போட்ட 46 கோல்களை அச்சங்கத்தார் ஒருவரும் ஒரே பருவத்தில் இன்றுவரை எட்டவில்லை. 1963இல் வெம்பிளியில் லெஸ்டர் சிட்டியை வென்ற எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் முதற்கோல் அவருடையது. 1965இலும் 1967இலும் லீக் பட்டம் கிடைத்தது.

இவ்வெண்கள் மெய்யே. எனினும் அவர் ஆடியதைக் காட்டும் பழைய படச்சுருள்களைப் பார்ப்பவருக்கு எண்கள் மறந்துபோகும். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உள்ள ஒருவர், ஆறடித் தற்காப்பு வீரர்களுக்கிடையே எழும்பி, மற்றவர் எல்லாம் கீழிறங்கத் தொடங்கிய பிறகும் ஒரு கணம் வானத்திலேயே தங்கியிருப்பதுபோல் தோன்றிப் பந்தைத் தலையால் முட்டுவார். முட்டிய பின்பு அது எங்கே போயிற்று என்று திரும்பிப் பாராமலே, நீண்ட சட்டைக் கையின் நுனியை விரல்களால் பற்றியபடி ஒரு கரத்தை உயர்த்திக்கொண்டு ஓடுவார். இரசிகர்கள் அவரை 'அரசர்' என்று அழைத்தமைக்கு அந்தக் கம்பீரமும் ஒரு காரணம். காப்பாளர் கையிலிருந்து நழுவும் பந்து, கம்பத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து, தற்காப்பாளர் காலில் தடுமாறும் பந்து ஆகிய இவை மற்றவர்களுக்குத் தற்செயல்கள். லாவுக்கோ எதிர்பார்த்த விருந்தாளிகள். பந்து வருமிடத்திற்குப் பந்துக்கு முன்பே வந்து நிற்றல் என்னும் இச்சாமர்த்தியத்தை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதனை அன்றே உணர்ந்தோர் இருந்தனர். ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்கென ஆண்டுதோறும் பிரெஞ்சுப் பத்திரிகையொன்று பல நாட்டுப் பத்திரிகையாளரின் வாக்குகளைக் கொண்டு அக்காலத்தில் வழங்கிவந்த தங்கப்பந்து 1964இல் லாவுக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்து நாட்டவருள் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே. இரண்டாமிடம் பெற்றவர் ஸ்பெயினின் லூயிஸ் சுவாரெஸ். அவ்வாண்டிலேயே அவர் இண்டர் மிலான் சங்கத்தோடு ஐரோப்பியக் கோப்பையையும், ஸ்பெயின் நாட்டோடு ஐரோப்பிய நாடுகளின் கோப்பையையும் வென்றிருந்தார். லாவோ 1963–64 பருவத்தில் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. கோப்பைகளே பிரமாணமாயின் அந்த வாக்கெடுப்பு வேறு விதமாக முடிந்திருக்கும். தம் கண்ணால் ஆட்டத்தைக் கண்டவர்கள் கோப்பைகளைத் தள்ளி வைத்து ஆட்டக்காரரைப் பார்த்தனர்; அவர்கள் தீர்ப்பு சரியென்றே நான் கருதுகிறேன்.

கோப்பைகளைப் பற்றிப் பேசும்போது 1968ஐ விட்டுவிடலாகாது. மியூனிக்குக்குப் பத்தாண்டுகள் கழித்து, மே 29ஆம் நாள், வெம்பிளியில் பென்ஃபிகாவை வென்று யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை ஏந்தியபோது, அக்கோப்பைக்காகவே வாங்கப்பட்ட லா முழங்கால் சிகிச்சை பெற்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அந்த இறுதியாட்டத்தில் ஆடியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் சார்ல்டன், மற்றொரு சக வீரரான ஜார்ஜ் பெஸ்ட், லா ஆகிய மூவரும் இல்லாமல் அக்குழு அவ்வுயரத்தை எட்டியிருக்காது என்பதை நாற்பதாண்டுகள் கழித்து ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் முன்னே நிறுவப்பட்ட அம்மூவர் சிலை அங்கீகரிக்கிறது. தங்கப்பந்து பெற்ற இம்மூவர் ஒரே சங்கத்தில் ஒரே காலத்தில் சேர்ந்து ஆடியது அரிதினும் அரிது.

இப்போது என் ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். லாவின் வாழ்வில் இரு ஆட்டங்கள் உண்டு. இரண்டும் நடுவே நிறுத்தப்பட்டவை. முதலாவது 1961 ஜனவரி 28ஆம் நாள், எஃப்.ஏ. கோப்பையில், லூட்டன் நகரத்தில் நடந்தது. மான்செஸ்டர் சிட்டி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த நிலையில் லா எழுந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கோல்களைப் போட்டார். 6–2 என்று சிட்டி முன்னணியில் நிற்க, இடைவிடாத மழையால் மைதானம் சேறாகி, அறுபத்தொன்பதாம் நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். விதிப்படி அந்த ஆட்டம் நடவாததாயிற்று. ஆறு கோல்களும் அழிந்தன. சில நாட்களில் மீண்டும் நடந்த ஆட்டத்தில் லூட்டன் 3–1 என்று வென்றது. சிட்டியின் அந்த ஒற்றைக் கோலையும் போட்டவர் லாவே. அக்கோப்பையில் அவருடைய மொத்தம் 41 என்று ஏடுகள் சொல்லும். பின்னாளில் இயன் ரஷ் 44 போட்டு அவரைக் கடந்தார். லூட்டன் சேற்றில் புதைந்த ஆறையும் கூட்டினால் லாவின் எண் 47 ஆகும்.

இரண்டாவது 1974 ஏப்ரல் 27ஆம் நாள் நடந்தது. முந்திய ஆண்டில் யுனைடெட் அவரை விலையின்றி விடுவித்துவிட, முப்பத்து மூன்று வயதில் அவர் மீண்டும் சிட்டிக்கு வந்திருந்தார். அன்று ஓல்டு டிராஃபோர்டிலேயே ஆட்டம். யுனைடெட் முதற்பிரிவிலிருந்து கீழிறங்கும் ஆபத்தில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, பிரான்சிஸ் லீ தள்ளிய பந்து கோலுக்கு முதுகு காட்டி நின்ற லாவின் காலடிக்கு வந்தது. பதினெட்டாண்டுப் பழக்கம் சிந்தனைக்கு இடங்கொடாமல் குதிகாலை இயக்கியது. பந்து வலைக்குள் போயிற்று. கரம் உயரவில்லை. சகாக்கள் வந்து முதுகில் தட்ட, அவர் துக்க வீட்டில் நிற்பவர்போல் தலை கவிழ்ந்து நின்றார். உடனே வெளியேயும் போய்விட்டார். இரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தமையால் இந்த ஆட்டமும் முடிவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. ஆனால் இம்முறை முடிவு செல்லும் என்று லீக் அதிகாரிகள் தீர்மானித்தனர். யுனைடெட்டைக் கீழே தள்ளியது அந்தக் கோல் என்று இன்றும் பலர் நம்புகின்றனர், அது தவறு. அதே நாளில் பர்மிங்ஹாம் சிட்டி வென்றுவிட்டமையால், ஓல்டு டிராஃபோர்டில் என்ன நடந்திருந்தாலும் யுனைடெட் இறங்கியே இருக்கும். அந்த உண்மை லாவின் மன வேதனையைத் தீர்க்கவில்லை. அதுவே அவருடைய கடைசி லீக் ஆட்டம்.

ஆசையோடு போட்ட ஆறும் ஏட்டிலிருந்து அழிந்தன; போடாதிருந்தால் நலம் என்று வருந்திய ஒன்று அழியாமல் நின்றது. கோல்களின் ஏடு எவ்வளவு அநித்தியமான ஆதாரம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கால்பந்தாட்டச் சரித்திரத்தில் உண்டோ என அறியேன்.

நாட்டுக் குழுவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். லா தம் நாட்டின்மேல் வைத்திருந்த பற்று அளவிறந்தது. 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற நாளில் அந்த ஆட்டத்தைப் பார்க்க மனமின்றி அவர் கோல்ஃப் ஆடப் போய்விட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே வெம்பிளியில், உலக வெற்றியாளராகிய இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 3–2 என்று வென்றபோது முதற்கோல் போட்டவர் அவரே. 1962, 1966, 1970 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளுக்கும் அவர் நாடு தகுதி பெறவில்லை. 1974இல் தகுதி பெற்றபோது லாவுக்கு வயது முப்பத்து நான்கு. டார்ட்மண்டில் ஸயர் நாட்டுக்கெதிராக ஆடிய ஒரே ஆட்டத்தோடு அவருடைய உலகக் கோப்பை வாழ்வும் நாட்டுக் குழு வாழ்வும் முடிந்தன.

ஏட்டில் ஏறாதது இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது உள்ளம் கனக்கிறது. 2021இல் தமக்கு நினைவு மறதி நோய் கண்டிருப்பதை லா பகிரங்கமாக அறிவித்தார். தலையால் பந்து முட்டியதே அதற்குக் காரணம் என்று தனி ஒருவர் விஷயத்தில் நிச்சயித்துக் கூற இயலாது. ஆயினும் 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பொதுமக்களில் மும்மடங்கானவரின் பதிவுகளோடு ஒப்பிட்டு, மூளைத் தேய்வு நோய்களால் இறக்கும் அபாயம் ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு என்று கண்டனர். மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளி வயதுச் சிறார் பயிற்சியில் தலையால் முட்டுதல் நிறுத்தப்பட்டது. நாம் கைதட்டி மகிழும் ஒரு கலைக்கு ஆடுபவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதும் அவருடைய பெருமையை அளக்கும் விஷயத்தில் சேர வேண்டும். 2025 ஜனவரி 17ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் லா காலமானார்.

மக்ரோரியின் எண்ணிக்கையையும், காலகரின் விகிதத்தையும், டால்கிலிஷின் கோப்பைகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. டால்கிலிஷ் குழுவாட்டத்தின் நுட்பத்தில் லாவினும் ஒரு படி மேலானவர் என்பதையும் மனமார ஒப்புக்கொள்கிறேன். எனினும் கோல்முகம் என்னும் அந்தச் சிறு நிலப்பரப்பில், காலத்தையும் இடத்தையும் முன்னுணர்ந்து நின்றவருள் முதலிடம் டெனிஸ் லாவுக்கே உரியது. எஃப்.ஏ. கோப்பையின் பழைய பட்டியல்களில் அவர் பெயருக்கு நேரே 41 என்னும் எண்ணைக் காணும் வாசகர்கள், லூட்டன் மைதானத்தின் மழையையும் அந்த ஆறு கோல்களையும் கூடவே நினைவில் வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.